பாட்டுக்குக் கூலியா, பாட்டிலில் பங்கா?

2014 மே மாதம். நண்பர்கள் கூடிக் களித்திருக்கும் ஓர் இடத்தில் நடிகர் டைரீஸ் கிப்சன் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்து, தன்னையும் பக்கத்தில் நிற்பவரையும் சேர்த்துப் படம் எடுக்கிறார். பக்கத்தில் நிற்பவர் ராப் பாடகரும் இசைத் தயாரிப்பாளருமான டாக்டர் டிரே. ஹிப்-ஹாப் உலகின் முதல் பில்லியனர் (நூறு கோடி டாலர் சொத்துக்காரர்) அமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து வந்துவிட்டான் என்று டிரே முழங்குகிறார். டிரேயின் ஹெட்போன் நிறுவனமான பீட்ஸை ஆப்பிள் வாங்கப்போகிறது என்ற செய்தி கசிந்திருந்த நேரம் அது. ஆனால் ஒப்பந்தம் இன்னும் அறிவிக்கப்படவில்லை. 320 கோடி டாலர் என்று பேசப்பட்ட விலை, மே 28 அன்று அறிவிப்பு வந்தபோது 300 கோடியாக இருந்தது. குறைந்த 20 கோடிக்கு அந்த முந்திரிக்கொட்டைக் காணொளிதான் காரணம் என்று சொல்பவர்கள் உண்டு.

இதில் இன்னொரு வேடிக்கை, வரி போகக் கணக்குப் பார்த்த ஃபோர்ப்ஸ் இதழ் டிரேயின் சொத்து பில்லியனைத் தொடவில்லை என்றது. அந்தப் பட்டத்தை ஐந்து ஆண்டு கழித்து, 2019 ஜூனில், நியூயார்க்கின் ராப் பாடகர் ஜே-ஸீக்குக் கொடுத்தது. இந்த இருவருக்கும் நடுவில் மூன்றாவதாக ஒருவரை வைத்துப் பார்த்தால்தான் கதை விளங்கும். அவர் டிரேயின் தயாரிப்பில் வளர்ந்த ராப் பாடகர் 50 சென்ட்.

நம் ஊர் நிலக்கணக்கில் சொன்னால் எளிது. விளம்பரத்தில் சிரித்துவிட்டுக் காசு வாங்குவது கூலி. விற்பனை லாபத்தில் பங்கு வாங்குவது வாரம். நிறுவனத்தின் பங்கே கையில் இருப்பது பட்டா. ராப் பாடகர் ஷான் கோம்ப்ஸ் 2007இல் டியாஜியோ என்ற மது நிறுவனத்துடன் சேர்ந்து சிராக் வோட்காவை விற்றது வாரத்துக்கு உழுத கதை. வருமானம் கொட்டியது, ஆனால் பெயரும் பாட்டிலும் டியாஜியோவுடையவை. 2024 ஜனவரியில் வழக்கு முடிந்து பிரிந்தபோது வயல் பழைய உடைமைக்காரரிடமே நின்றது. மற்ற மூவரும் பட்டா கேட்டவர்கள். கேட்ட விதமும் விற்ற விதமும்தான் வேறு வேறு.

50 சென்ட்டை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் கையில் ஒன்றும் இல்லாதவன் பின்பற்றக்கூடிய ஒப்பந்தம் அவருடையதுதான். நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் பிறந்த கர்டிஸ் ஜாக்சன் (50 சென்ட்டின் இயற்பெயர்) 2000இல் ஒன்பது குண்டு பட்டுப் பிழைத்தார். 2003இல் முதல் பெரிய ஆல்பம் உலகெங்கும் விற்றது. மறு ஆண்டு வைட்டமின்வாட்டர் என்ற பானத்தை விற்கும் கிளாசோ நிறுவனம் அவரை நாடியது. வெறும் விளம்பரக் கட்டணத்தோடு நிற்காமல் அவர் நிறுவனத்தில் பங்கு கேட்டு வாங்கினார். தன் பெயரின் எண்ணைத் தாங்கிய திராட்சைச் சுவைப் பானம் ஒன்றையும் கொண்டுவந்தார். 2007இல் கோக்க கோலா அந்த நிறுவனத்தை 410 கோடி டாலருக்கு வாங்கியது. அவர் பங்குக்கு எவ்வளவு வந்தது என்பது வெளியிடப்படவில்லை. 6 கோடி முதல் 10 கோடி டாலர் என்று பலரும் பலவாறு மதிப்பிட்டார்கள். மூன்றே ஆண்டில், பாட்டுத் தொழிலுக்கு வெளியே, தண்ணீர் விற்று.

அதே மனிதர் 2015 ஜூலையில் கனெக்டிகட் நீதிமன்றத்தில் திவால் பாதுகாப்பு கேட்டு நின்றார். இதற்கான காரணங்களில் பெரியது ஒரு ஹெட்போன். இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் ஒரே பொருளில் குரு 300 கோடி டாலர் பேரம் பார்த்தார், சீடர் மஞ்சள் கடுதாசி கொடுத்தார்.

டிரேயின் கதை கடற்கரையில் தொடங்குகிறது என்பார்கள். விளையாட்டுக் காலணி ஒன்றுக்கு விளம்பரம் செய்யச் சொல்லித் தன் வழக்கறிஞர் யோசனை தருகிறார் என்று ஜிம்மி அயோவினிடம் டிரே சொல்கிறார். காலணியைத் தூக்கிப் போடு, ஒலிபெருக்கி விற்போம் என்கிறார் அயோவின். அவர் இன்டர்ஸ்கோப் இசை நிறுவனத்தின் தலைவர். 2006இல் நிறுவனம் பிறந்தது, 2008இல் ஹெட்போன் கடைக்கு வந்தது. வடிவமைப்பிலும் தயாரிப்பிலும் உழைத்தது மான்ஸ்டர் என்ற கேபிள் நிறுவனம். டிரேயின் பக்கம் இருந்தவை காதும் பெயரும். அயோவினின் பக்கம் இருந்தது விளம்பரப் பலகை, அதாவது இன்டர்ஸ்கோப் பாடகர்களின் காணொளிகள். அதே ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக்குக்குப் போன அமெரிக்கக் கூடைப்பந்து அணியினருக்கு லெப்ரான் ஜேம்ஸ் ஆளுக்கொன்று பரிசளித்தார். விமானத்திலிருந்து இறங்கும் வீரர்களின் காதில் அந்தச் சிறிய 'பி' எழுத்து. ஒலித்தரத்தில் ஊறியவர்கள் அடித்தாளம் அதிகம் என்று முகம் சுளித்தார்கள். வாங்கியவர்கள் ஒலிக்காக மட்டும் வாங்கவில்லை, கழுத்தில் மாட்டிக்கொண்டு தெருவில் நடக்கவும் வாங்கினார்கள்.

2011இல் தைவானின் எச்.டி.சி. என்ற கைப்பேசி நிறுவனம் பீட்ஸில் பாதிக்குச் சற்று மேலான பங்கை சுமார் 30 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. இரண்டே ஆண்டில் பீட்ஸ் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டது. மான்ஸ்டரின் தலைவர் நோயல் லீ தன் கையில் மிஞ்சியிருந்த சிறு பங்கை 2013இல் 55 லட்சம் டாலருக்குக் கொடுத்துவிட்டார். சில மாதத்தில் ஆப்பிள் வந்தது. பொருளைச் செய்தவருக்கு லட்சம், பெயர் கொடுத்தவருக்குக் கோடி. இதை நியாயம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பங்குப் பத்திரம் யார் உழைத்தார் என்று கேட்பதில்லை.

இப்போது சீடர். 50 சென்ட் புளோரிடாவின் ஸ்லீக் ஆடியோ என்ற சிறு நிறுவனத்தோடு ஹெட்போன் முயற்சியில் இறங்கினார். அது சரிப்படவில்லை. 2011இல் விலகி எஸ்.எம்.எஸ். ஆடியோ என்று சொந்தமாகத் தொடங்கினார். எங்கள் வடிவமைப்பை எடுத்துப் போய்விட்டார் என்று பழைய கூட்டாளிகள் வழக்குப் போட்டார்கள். நடுவர் தீர்ப்பு அவருக்கு எதிராகப் போனது. தொகை சுமார் 1.7 கோடி டாலர். அதோடு வேறொரு வழக்கில் அந்தரங்க மீறலுக்கான இழப்பீடும் சேர, திவால் மனு போட்டார். டிரேக்குப் பக்கத்தில் அயோவினும் விளம்பர இயந்திரமும் இருந்தன. 50 சென்ட்டுக்கு அருகில் கோபித்துக்கொண்ட கூட்டாளிதான் இருந்தார்.

வீட்டுச் செலவையும் சொல்லவேண்டும். கனெக்டிகட்டின் ஃபார்மிங்டன் ஊரில், குத்துச்சண்டை வீரர் மைக் டைசனிடமிருந்து 2003இல் 41 லட்சம் டாலருக்கு வாங்கிய 52 அறை மாளிகை. பராமரிப்புக்கு மட்டும் மாதம் 65 ஆயிரம் டாலருக்கும் மேல். 2007இல் 1.85 கோடிக்கு விலை சொன்னார், ஆள் வரவில்லை. கடைசியில் 2019இல் 29 லட்சத்துக்குப் போனது. யானையைக் கட்டித் தீனி போட்ட கதைதான். திவால் வழக்கு நடக்கும்போதே நோட்டுக் கட்டுகளை 'நொடித்துப்போனேன்' என்ற பொருள்படும் ஆங்கில எழுத்துகளாக அடுக்கி இன்ஸ்டாகிராமில் படம் போட்டார். நீதிபதி கூப்பிட்டுக் கேட்டபோது, அவை படப்பிடிப்புக்கான போலி நோட்டுகள் என்று விளக்கம் கொடுத்தார். ஆனாலும் ஆளைச் சாமானியமாக எடைபோடக் கூடாது. 2.2 கோடி டாலருக்கும் மேல் கட்டி 2017 தொடக்கத்தில் கடனிலிருந்து வெளியே வந்தார். அதில் பெரும்பகுதி, தனக்காக முன்பு வாதாடிய வழக்கறிஞர் நிறுவனம் ஒன்றின் மீது வழக்குப் போட்டு வாங்கிய சமரசத் தொகை!

ஜே-ஸீயின் நடை வேறு. புரூக்ளினின் மார்சி குடியிருப்பில் வளர்ந்த ஷான் கார்ட்டரை (ஜே-ஸீயின் இயற்பெயர்) எந்த இசை நிறுவனமும் எடுத்துக்கொள்ளவில்லை. எனவே டேமன் டாஷ், கரீம் பர்க் என்ற இரு நண்பர்களோடு சேர்ந்து ராக்-அ-ஃபெல்லா என்ற இசை நிறுவனத்தைத் தொடங்கினார். கார் டிக்கியில் வைத்துப் பாட்டு விற்றவர்கள் இவர்கள். ஆடை விற்றார்கள், ராக்கவேர் பெயரை 2007இல் 20.4 கோடி டாலருக்கு விற்றார் ஜே-ஸீ. ஆனால் அவரைப் புரிந்துகொள்ள எனக்குப் பிடித்த இடம் ஷாம்பெய்ன்.

ராப் பாடகர்கள் கிரிஸ்டால் என்ற விலை உயர்ந்த பிரெஞ்சு ஷாம்பெய்னைப் பாட்டுக்குப் பாட்டு சொல்லி வளர்த்தார்கள், காசு வாங்காமலே. இந்தத் தொடர்பு உங்கள் பெயருக்கு நல்லதா என்று 2006இல் ஒரு செய்தியாளர் அந்த நிறுவனத் தலைவரிடம் கேட்டார். என்ன செய்வது, வாங்குபவர்களைத் தடுக்கவா முடியும் என்ற தோரணையில் பதில் வந்தது. ஜே-ஸீக்கு அது அவமானமாகப் பட்டது. தன் கேளிக்கை விடுதிகளில் கிரிஸ்டாலை நிறுத்தினார். அதே ஆண்டு வந்த பாடல் காணொளி ஒன்றில் நீட்டப்பட்ட கிரிஸ்டாலைக் கையசைத்து ஒதுக்குகிறார். அடுத்து வருவது சீட்டுக்கட்டின் ஸ்பேட் ஆசு முத்திரை பதித்த, தங்கம் போல் மின்னும் பாட்டில், ஆர்மண்ட் டி பிரினாக். 2014இல் அந்தப் பெயரையே வாங்கிவிட்டார். 2021இல் பாதியை எல்.வி.எம்.எச். என்ற பிரெஞ்சு ஆடம்பரப் பொருள் குழுமத்துக்கு விற்றார். கோபத்தை இவ்வளவு பொறுமையாக வட்டிக்கு விட்டவர் வேறு யாரும் என் நினைவுக்கு வரவில்லை.

பாதியைத்தான் விற்றார் என்பதைக் கவனியுங்கள். பக்கார்டி என்ற மது நிறுவனத்தோடு சேர்ந்து வளர்த்த டூசே பிராண்டி விஷயத்திலும் அதுவே. 2023இல் பெரும்பங்கைக் கொடுத்தார் (75 கோடி டாலர் என்று செய்தி வந்தது), சிறுபங்கை வைத்துக்கொண்டார். டிரே தோப்பையே கிரயம் எழுதிக்கொடுத்தார். ஜே-ஸீ குலையை வெட்டினார், கன்றை விட்டுவைத்தார். அந்த ஆண்டு ஃபோர்ப்ஸ் அவருக்குப் போட்ட கணக்கு 250 கோடி டாலர்.

அவரைச் சாணக்கியராக்கிப் பேசுகிறவர்கள் டைடல் கதையை விட்டுவிடுவார்கள். இசை கேட்கும் அந்தச் சேவையை 2015இல் 5.6 கோடி டாலருக்கு வாங்கினார். ஸ்பாட்டிஃபையின் நிழலில் அது வளரவே இல்லை. 2021இல் ஜாக் டோர்சியின் ஸ்கொயர் என்ற பணப் பரிமாற்றச் சேவை நிறுவனம் பெரும்பங்கை ஏறக்குறைய 30 கோடிக்கு வாங்கியது. இருவரும் நண்பர்கள். ஸ்கொயரின் பங்குதாரர்கள் வழக்குப் போட்டார்கள். படுமோசமான வணிக முடிவாகத்தான் தெரிகிறது, ஆனால் அப்படி முடிவெடுக்க நிர்வாகத்துக்கு உரிமை உண்டு என்ற அடிப்படையில் டெலவேர் நீதிபதி வழக்கைத் தள்ளிவிட்டார். வாங்கியவருக்கு மோசமான முடிவென்றால் விற்றவருக்கு? இதைத் திறமை என்று எழுதக் கை கூசுகிறது.

ஆக, சேர்த்த சொத்தை வைத்தால் ஜே-ஸீ முதலில், சந்தேகமில்லை. ஒரே பேரத்தில் அள்ளியதை வைத்தால் டிரே. ஆனால் ஆப்பிளும் அயோவினும் ஒருவருக்கு ஒரே நேரத்தில் வாய்ப்பது நட்சத்திரக் கணக்கு. பாட ஆரம்பிக்கும் ஒரு பையன் எதைப் படிக்கவேண்டும் என்று கேட்டால் 50 சென்ட்டின் தண்ணீர் ஒப்பந்தத்தைக் காட்டுவேன், ஸ்லீக் ஆடியோ தீர்ப்பையும் கையோடு கொடுப்பேன். 2014இல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடரை ஒரு பகுதிக்கு 17 ஆயிரம் டாலருக்குக் கொடுத்ததாக அவரே சொன்னார். நான்கு ஆண்டில் அதே சேனலோடு போட்ட ஒப்பந்தம் 15 கோடி டாலர் வரை போகக்கூடியது என்று பேசப்பட்டது. கூலி குறைவாக வாங்கி இடம் பிடிப்பது அவருக்குக் கைவந்த கலை.

ராக்-அ-ஃபெல்லா என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். தொடங்கிய மூவருக்கும் மூன்றில் ஒரு பங்கு. ஜே-ஸீயின் முதல் ஆல்பத்தின் உரிமைதான் அதன் சொத்து. டேமன் டாஷின் பங்கு அவருடைய கடன்களுக்காக 2024 நவம்பரில் நீதிமன்ற ஏலத்துக்கு வந்தது. எடுத்தது நியூயார்க் மாநில அரசு, வரி பாக்கிக்காக. ஏலத்தொகை 10 லட்சம் டாலர்.