ஆர்எக்ஸ் 100: போரிங் போதுமா, 135 பிளாக் போடலாமா?

யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்கின் எஞ்சினைப் பெரிதாக்க இரண்டு வழி. ஒன்று, பழைய சிலிண்டரின் உள்துளையை லேத்தில் கடைந்து அகலமாக்கி (இதுதான் போரிங்), அதற்கேற்ற சற்றுப் பெரிய ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவது. போர், அதாவது துளையின் விட்டம், 50 மி.மீ.-இலிருந்து 51 ஆனாலும் 98 சிசி வெறும் 102 தான் ஆகும், ஆனால் தேய்ந்த எஞ்சினில் போன கம்ப்ரஷன் (உள்ளே காற்று-பெட்ரோல் கலவை அழுந்தும் அழுத்தம்) திரும்பி வந்து வண்டி புதுசு மாதிரி இழுக்கும். பிளாக்கை, அதாவது சிலிண்டரை, கழற்ற ஒரு மாலை போதும். பிஸ்டன் பின்னைப் பிடித்திருக்கும் சின்னக் கம்பி வளையமான சர்க்கிளிப்பில் கை வைக்கும் முன், சிலிண்டருக்குக் கீழே உள்ள எஞ்சின் கூடான கிரான்க்கேஸின் வாயில் துணியை அடைத்துவிடுங்கள், அது உள்ளே விழுந்தால் எஞ்சினையே பிரிக்க நேரும். மாட்டும்போது பிஸ்டன் அம்புக்குறி சைலன்சர் பக்கம் இருக்கட்டும்.

இரண்டாவது வழி, ஆர்எக்ஸ் 135 பைக்கின் பிளாக்கைப் போடுவது. ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம், அதே 50 மி.மீ., போர் மட்டும் 58, அதனால் 132 சிசி. மேட்டில் ஏறும்போதே வித்தியாசம் தெரியும். ஆனால் அதன் ஸ்லீவ் (சிலிண்டருக்குள் இருக்கும் குழாய்) அகலம் என்பதால் கிரான்க்கேஸ் வாயைக் கடைய வேண்டும், அதற்கு எஞ்சினை முழுசாகப் பிரித்தாக வேண்டும், இது வீட்டு வேலை இல்லை. கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் மெயின் ஜெட்டைச் சரிபார்க்காமல் ஓட்டி, பெட்ரோல் போதாமல் ஸ்பார்க் பிளக் வெளுத்தால் பிஸ்டன் ஜாம்தான். ஆர்சியில் உள்ளதற்கு மாறாக எஞ்சினை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவும் தடுக்கிறது. 1996-உடன் தயாரிப்பு நின்றுபோன வண்டியின் அசல் கேஸைக் கடைய எனக்கு மனசு வராது, போரிங்கே சரி.