மஸ்டாங்குக்கு ஃபோர்டு பெர்ஃபார்மன்ஸ் 3.73 கிரவுன்-பினியன்: 6,000 மைலுக்குப் பிறகு

என்னுடையது 2012 மஸ்டாங் ஜி.டி. 5.0 லிட்டர் எஞ்சின், ஆறு கியர் மேனுவல், பின்னால் ஒற்றை இரும்பு ஆக்சில். வாங்கும்போது பின் கியர் விகிதம் 3.31, அதாவது சக்கரம் ஒருமுறை சுற்ற, எஞ்சின் பக்கமிருந்து வரும் தண்டு 3.31 முறை சுற்றும். ஹைவேயில் பெட்ரோல் மிச்சமாகும், சரி. ஆனால் 412 குதிரைத்திறன் எஞ்சினை வைத்துக்கொண்டு மூன்றாம் கியரில் வேகத்துக்காகக் காத்திருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. போன நவம்பரில் 8.8 அங்குல ஆக்சிலுக்கான ஃபோர்டு பெர்ஃபார்மன்ஸ் 3.73 கிரவுன்-பினியன் செட்டைப் போட்டேன். எஞ்சினின் சுழற்சியைப் பின் சக்கரங்களுக்குத் திருப்பிவிடும் பல்சக்கர ஜோடி அது: பெரியது கிரவுன் வீல், சின்னது பினியன். 6,000 மைல் ஓடியாகிவிட்டது. கியரைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. இங்கே அதிகம் சொல்லப்போவது, புதுக் கியரை மெதுவாக ஓட்டிப் பழக்கிய முதல் 500 மைலைப் பற்றித்தான்.

காரணம் இருக்கிறது. இதற்கு முன் வைத்திருந்த 2006 மஸ்டாங்கில் வேறொரு கடையில் 4.10 போட்டேன். சாவியைக் கொடுத்தவர் "ஒன்றும் ஆகாது, எப்போதும் போல ஓட்டுங்கள்" என்றார். அன்று மாலையே ஹூஸ்டனிலிருந்து ஆஸ்டினுக்குக் கிளம்பிவிட்டேன். 160 மைல், எங்கும் நிறுத்தவில்லை, வேகம் 75. ஒரு வாரத்தில், 50 மைல் வேகத்தில் காலை எடுத்தால் பின்னாலிருந்து 'ஊ' என்று ஒரு ஊளை. எட்டு மாதம் கழித்து ஆக்சில் மூடியைத் திறந்தபோது எண்ணெய் கருகி நாறியது. பினியன் பற்களின் ஓரத்தில் நீலம் பாரித்திருந்தது. அந்தக் காரை விற்கும்வரை அந்த ஊளையோடுதான் ஓட்டினேன். இந்த முறை அப்படி விடக்கூடாது என்று முடிவு செய்துகொண்டேன்.

பெட்டிக்குள் வருவது கிரவுன் வீலும் பினியனும். 41 பல், 11 பல், வகுத்தால் 3.73. இரண்டும் ஜோடியாகச் சேர்த்துத் தேய்த்தவை. ஒன்றை மாற்றி இன்னொன்றோடு போடக்கூடாது. பேரிங், ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு), சீல், கிரஷ் ஸ்லீவ் (பினியன் பேரிங்கை இறுக்கும்போது நசுங்கும் குழாய்) எல்லாம் தனி கிட். அதையும் சேர்த்தே வாங்குங்கள். கிரஷ் ஸ்லீவ் ஒருமுறை நசுங்கினால் முடிந்தது, பழையதைத் திரும்பப் போட முடியாது. கியருக்கும் கிட்டுக்கும் எனக்கு 420 டாலர் ஆனது, கூலி 550.

வேலையைச் செய்தது ஹூஸ்டன் பக்கத்தில் கேட்டி ஊரில் ஆக்சில் வேலை மட்டுமே பார்க்கும் ஒரு சின்னக் கடை. பக்கத்தில் நின்று பார்க்க விட்டார்கள். பல்லில் மஞ்சள் பசை தடவிச் சுற்றி, தடம் பல்லின் நடுவில் விழும்வரை பினியன் ஷிம்மை மூன்று முறை மாற்றினார் அந்த மெக்கானிக். பேக்லாஷ், அதாவது பல்லுக்கும் பல்லுக்கும் இடையே விடும் இடைவெளி, டயல் கேஜில் 0.010 அங்குலம். இதை ஏன் சொல்கிறேன் என்றால், 'ஆரம்பத்தில் சத்தம் வரும், ஓட ஓட அடங்கிவிடும்' என்று பல கடைகளில் சொல்வார்கள். நம்பாதீர்கள். தப்பாகப் பொருத்திய கியரை எத்தனை மைல் பழக்கினாலும் அது வாயை மூடாது. பழக்குவது சரியாகப் பொருத்திய கியரைக் காப்பாற்றத்தான்.

இந்தக் கிரவுன்-பினியன் ஹைப்பாயிட் என்ற வகை. அதில் பல்லும் பல்லும் உருளுவதோடு நிற்பதில்லை, ஒன்றின் மேல் ஒன்று வழுக்கியும் போகும். புதுப் பல்லில் கண்ணுக்குத் தெரியாத மேடுகள் இருக்கும். அந்த மேடுகள் உரசும் இடத்தில் சூடு மளமளவென்று ஏறும். பல்லின் மேல்தோலைக் கடினப்படுத்தித்தான் அனுப்புகிறார்கள். சூடு எல்லை மீறினால் அந்தக் கடினம் தளரும், எண்ணெயும் வெந்துபோகும். ஆகவே கொஞ்சம் ஓட்டி, சூடாக்கி, நிறுத்தி, நன்றாக ஆறவிட்டு, மறுபடியும் ஓட்ட வேண்டும். சங்ககிரியில் லாரி வைத்திருந்த என் பெரியப்பாவிடம் போனில் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவே இல்லை. "புதுக் கிரவுன் போட்டா நாங்களும் நாலு நாளைக்கு லோடு கம்மியாத்தான் அடிப்போம் கண்ணு" என்றார்.

முதல் ஓட்டத்துக்கு ஐ-10 ஹைவே பக்கமே போகவில்லை. கேட்டியிலிருந்து புரூக்‌ஷயர் வழியாகப் போகும் பழைய 90-ஆம் எண் சாலையை எடுத்தேன். 20 நிமிடம், 50 மைல் வேகத்துக்கு மேல் போகாமல், ஒரே வேகத்திலேயே இருக்காமல். 35, 45, 40 என்று ஏற்றி இறக்கி, நடுநடுவே காலை எடுத்து எஞ்சினாலேயே வேகத்தைக் குறைத்தேன். பல்லுக்கு இரண்டு முகம். இழுக்கும் முகம் மட்டும் பழகினால் போதாது. புரூக்‌ஷயரில் ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தி, வெப்பம் பார்க்கும் துப்பாக்கியை டிஃப்ரன்ஷியல் மூடியில், அதாவது கிரவுன்-பினியன் இருக்கும் பெட்டியின் மூடியில், காட்டினேன்: 188 டிகிரி ஃபாரன்ஹீட். முக்கால் மணி நேரம் காத்திருந்து, கைவைக்க முடிகிற அளவு ஆறிய பிறகு திரும்பினேன். மறுநாள் அதே சாலை, அதே வேகம், வெயிலும் கிட்டத்தட்ட அதே: 171. மூன்றாம் நாள் 158. அந்த எண் இறங்குவதைப் பார்த்தபோது இருந்த நிம்மதியை எப்படிச் சொல்வது! உள்ளே உரசல் குறைகிறது என்பதை நேரில் பார்த்தது போல இருந்தது. 20 டாலர் துப்பாக்கிதான், அவசியம் வாங்குங்கள்.

அப்புறம் 500 மைல் வரை ஆபீஸ், கடை, வீடு என்று சாதாரண ஓட்டம். முழு ஆக்ஸிலரேட்டர் இல்லை, கிளட்சை விட்டு எகிறுவது இல்லை, பின்னால் எதையும் கட்டி இழுப்பதும் இல்லை. ஹைவே போனாலும் கால் மணி நேரத்துக்குள் இறங்கிவிடுவேன்.

ஓடோமீட்டர் விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். கியர் விகிதத்தை மாற்றிவிட்டு ட்யூனர் கருவி மூலம் காரின் கம்ப்யூட்டருக்குச் சொல்லாவிட்டால், நிஜத்தில் 70 போகும்போது மீட்டர் 79 காட்டும். தூரமும் அதே கணக்கில் தப்பாகும். மீட்டரில் 500 வந்தபோது நிஜமாக ஓடியிருப்பது 444 மைல்தான். முதல் நாளே கடையில் சரிசெய்து வாங்கிவிடுங்கள்.

500 மைலில் டிஃப்ரன்ஷியல் எண்ணெயை மாற்றினேன். முதல் ஊற்று விலை குறைந்த மினரல் 80டபிள்யூ-90. எப்படியும் கொட்டப்போகும் எண்ணெய்க்கு அதிகம் செலவழிக்க வேண்டியதில்லை. இந்த ஆக்சிலில் எண்ணெயை வடிக்கத் திருகு கிடையாது, மூடியின் பத்து போல்ட்டையும் கழற்றத்தான் வேண்டும். உள்ளே இரும்புத் துகளைப் பிடிக்கும் காந்தத்தில் சாம்பல் நிறத்தில் மாவு போல ஒரு படிவு இருந்தது. விரலில் தேய்த்துப் பார்த்தேன், ஒரு துணுக்குகூடக் குத்தவில்லை. படம் எடுத்துப் பெரியப்பாவுக்கு அனுப்பினேன். பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இது நல்ல மாவுதான், இனி தைரியமா ஓட்டு" என்று பதில் வந்தது.

இரண்டாவது ஊற்று 75டபிள்யூ-140 சிந்தெடிக், கூடவே உரசலை மென்மையாக்கும் நாலு அவுன்ஸ் ஃப்ரிக்‌ஷன் மாடிஃபையர். டிராக்‌ஷன்-லாக் டிஃப்ரன்ஷியலுக்குள், ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுற்றாமல் பிடிக்க, கிளட்ச் தகடுகள் உண்டு. இதை ஊற்றாவிட்டால் திருப்பத்தில் கடகடவென்று அதிரும். ஊற்றியதும் காலியான பார்க்கிங் இடத்தில் மெதுவாகப் பத்து முறை எட்டுப் போட்டேன், ஊரில் லைசென்ஸுக்குப் போட்ட அதே எட்டு. தகடுகளுக்குள் எண்ணெய் இறங்க அது தேவை.

சரி, இவ்வளவுக்கும் பலன்? இரண்டாம், மூன்றாம் கியரில் கார் ஆளே மாறிவிட்டது. முன்பு நகரத்தில் ஐந்தாவதைத் தாண்ட மாட்டேன், இப்போது ஆறாவதைத் தயங்காமல் போடுகிறேன். 70-இல் ஆறாவது கியரில் முன்பு 1,850 சுற்று, இப்போது 2,100. ஹைவே மைலேஜ் கேலனுக்கு 25 மைலிலிருந்து 23.5-க்கு இறங்கியது. சத்தம் என்று பார்த்தால், ரேடியோவை அணைத்து, கண்ணாடியை ஏற்றி, 45-இலிருந்து 65 வரை ஏற்றியும் காலை எடுத்தும் கேட்டுப் பார்த்தேன். டயர் சத்தம்தான் கேட்கிறது.

தினமும் 80 மைல் ஹைவேயிலேயே போய்வருபவர் 3.55-ஐப் பாருங்கள். மற்றபடி மேனுவல் ஜி.டி.க்கு என்னைக் கேட்டால் நான் சொல்வது 3.73 தான். போடுவதைக் குளிர்காலத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஹூஸ்டன் ஆகஸ்டில்தான் முடியும் என்றால், முதல் மூன்று ஓட்டத்தையும் விடியற்காலை ஐந்து மணிக்கு முடித்துவிடுங்கள்.