காங்கேயம் செக்குத் தேங்காய் எண்ணெய்: தலைக்கும் உடம்புக்கும் தாராளமாக, முகத்துக்கு வேண்டாம்

தேங்காய் எண்ணெய் நல்லதா என்று யாராவது கேட்டால், எந்த எண்ணெய், எங்கே தடவப் போகிறீர்கள் என்று திருப்பிக் கேட்காமல் பதில் சொல்ல முடியாது. எங்கள் வீட்டில் பல வருடமாக வாங்குவது காங்கேயம் பக்கம் ஒரு சின்ன மரச்செக்கில் ஆட்டுகிற எண்ணெய். நடுவில் மளிகைக்கடையில் நீல பாட்டிலில் வருகிற கம்பெனி எண்ணெய், ஆன்லைனில் விற்கிற விர்ஜின் தேங்காய் எண்ணெய் எல்லாம் புழங்கியிருக்கின்றன. இது செக்கு எண்ணெய்க்கான விமர்சனம்தான், ஆனால் மற்ற இரண்டையும் பக்கத்தில் வைத்துச் சொன்னால்தான் கூடுதலாகக் கொடுக்கிற காசு எதற்கு என்று தெரியும்.

காங்கேயம், வெள்ளகோவில் வழியாகப் பேருந்தில் போயிருக்கிறவர்களுக்கு அந்தக் களங்கள் நினைவிருக்கும். சாலையின் இரண்டு பக்கமும் கண்ணுக்கு எட்டிய தூரம் உடைத்த தேங்காய் காய்ந்துகொண்டிருக்கும். மழை குறைந்த, வெயில் நின்று அடிக்கிற ஊர் என்பதால் பொள்ளாச்சி, உடுமலையில் இருந்தும், கேரளத்தில் இருந்தும்கூட காய் இங்கே வந்து இறங்குகிறது. கொப்பரையை இந்தப் பக்கம் பருப்பு என்றுதான் சொல்வார்கள். எண்ணெயின் தரம் பாதிக்கு மேல் இந்தக் களத்திலேயே முடிவாகிவிடுகிறது என்பது என் கருத்து. செக்கு மரமா இரும்பா என்று எல்லோரும் கேட்கிறோம், பருப்பு எப்படிக் காய்ந்தது என்று கேட்பவர்கள் குறைவு. சரியாகக் காயாத பருப்பில் பூஞ்சை பிடிக்கும், அதை ஆட்டினால் எந்தச் செக்காக இருந்தாலும் எண்ணெய் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். பூஞ்சை வராமல் இருக்கவும் பருப்பு வெள்ளையாகத் தெரியவும் கந்தகப் புகை போடுகிற வழக்கமும் உண்டு. அதனால் பளிச்சென்று வெள்ளையாக இருக்கிற பருப்பைப் பார்த்து மயங்க வேண்டாம். வெயிலில் மட்டும் காய்ந்தது கொஞ்சம் மங்கலாக இருக்கும், ஒடித்தால் படக்கென்று ஒடியும், கடித்தால் இனிக்கும். நான் வாங்குகிற இடத்தில் சாக்கில் கைவிட்டு ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே அந்தக் கடைக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன்.

செக்கு என்றதும் மாடு சுற்றுவதை நினைத்துக்கொள்ள வேண்டாம், இப்போது எல்லாம் மோட்டார்தான். உலக்கை வாகை மரம், மெதுவாகச் சுற்றுகிறது, அதனால் பெரிய ஆலை எந்திரங்களில் போல எண்ணெய் சூடேறுவதில்லை. ஆட்டி முடித்ததும் வருகிற எண்ணெய் கலங்கலாக இருக்கும். அதை அப்படியே பிடித்துக் கொடுக்கிற கடைகள் இருக்கின்றன, வாங்குகிறவர்களுக்கும் புது எண்ணெய் என்று ஒரு சந்தோஷம். ஆனால் அடியில் தங்குகிற கசண்டுதான் எண்ணெயை முதலில் கெடுக்கும். இந்தக் கடைக்காரர் அவசரப்பட்டால் தர மாட்டார். "நாலு நாள் வெயில்ல தெளியட்டுங்க, அப்புறம் வந்து வாங்கிக்கங்க" என்று திருப்பி அனுப்பிவிடுவார். தூரத்தில் இருந்து வருகிறவர்களுக்கு எரிச்சலாக இருக்கும்தான். ஆனால் அந்த எண்ணெய் மாதக்கணக்கில் மணம் மாறாமல் இருக்கிறது.

விலை. இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள், அதனால் ஒரு சின்னக் கணக்கு போட்டுக் காட்டுகிறேன். நன்றாகக் காய்ந்த பருப்பில் எடைக்கு 60 சதவீதத்தைச் சுற்றி எண்ணெய் கிடைக்கும், மரச்செக்கில் சற்றுக் குறையவே செய்யும். ஒரு லிட்டர் எண்ணெய் எடையில் ஏறக்குறைய 920 கிராம். ஆக ஒரு லிட்டருக்கு ஒன்றரைக் கிலோ பருப்பாவது வேண்டும். 2025ஆம் ஆண்டுக்கு மத்திய அரசு அரவைக் கொப்பரைக்கு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலையே குவிண்டாலுக்கு 11,582 ரூபாய், அதாவது கிலோ 115 ரூபாய்க்கு மேல். அந்த விலையில் வாங்கினாலும் லிட்டருக்குப் பருப்புச் செலவு மட்டும் 170 ரூபாயைத் தாண்டும். அதே வருடம் நடுவில் சந்தை விலை கிலோ 200 ரூபாயைத் தாண்டியபோது பருப்புக்கே 300 ரூபாய். ஆட்டுக்கூலி, மின்சாரம், பாட்டில், கடை வாடகை எல்லாம் இதற்கு மேல்தான். புண்ணாக்கு விற்றுக் கொஞ்சம் திரும்ப வரும், ஆனால் அது பெரிய தொகை இல்லை. ஆகவே அந்த நாளில் "சுத்தமான மரச்செக்கு எண்ணெய்" லிட்டர் 200 ரூபாய் என்று எங்காவது பலகை தொங்கினால் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டுத்தான் ஆக வேண்டும். வாங்கப் போகிற அன்றைக்குப் பருப்பு விலை என்ன என்று தெரிந்துகொண்டு ஒன்றரையால் பெருக்கிப் பாருங்கள், கடைக்காரர் சொல்கிற விலை நியாயமா என்று அந்த இடத்திலேயே தெரிந்துவிடும்.

சரி, தலைக்கு வருவோம். முடிக்கு இதைப் போல ஒன்று இல்லை என்று நான் சொல்வது பாட்டி சொன்னதால் மட்டும் இல்லை. 2003இல் வெளியான ஓர் ஆய்வில் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், பெட்ரோலியத்தில் இருந்து எடுக்கிற மினரல் ஆயில் மூன்றையும் முடியில் தடவி, கழுவும்போது எவ்வளவு புரதம் வெளியேறுகிறது என்று அளந்து பார்த்தார்கள். தேங்காய் எண்ணெய் மட்டும்தான் அந்த இழப்பைக் குறைத்தது. இதில் பாதியளவுக்கு இருக்கிற லாரிக் அமிலத்தின் மூலக்கூறு சிறியது, நேரானது, அதனால் முடித்தண்டுக்குள் நுழைய முடிகிறது, மற்றவை மேலேயே நின்றுவிடுகின்றன என்பது அவர்கள் தந்த விளக்கம். அந்த ஆய்வைச் செய்தவர்கள் பாராசூட் எண்ணெய் விற்கும் மாரிக்கோ நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அது தெரிந்த பிறகும் நான் அதை நம்புகிறேன், ஏனென்றால் என் தலையில் நடப்பதும் அதுவாகத்தான் இருக்கிறது.

எங்கள் பகுதியில் போர்த் தண்ணீர் உப்பு. எண்ணெய் வைக்காமல் தலைக்கு ஊற்றினால் முடி காய்ந்து முரடாகி, சீப்பு இறங்காது. குளிப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பு, அல்லது முந்தின இரவு, இரண்டு ஸ்பூன் எண்ணெயைச் சுடுதண்ணீரில் கிண்ணத்தோடு வைத்து வெதுவெதுப்பாக்கி, முடியின் நடுவில் இருந்து நுனி வரைக்கும் தேய்த்துவிட்டு அப்புறம் அலசினால் சிக்கு எடுக்கும்போது அறுந்து வருகிற முடி கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குக் குறைகிறது. வேருக்கு நிறையத் தேவையில்லை. எண்ணெய் போக்க எங்கள் வீட்டில் அரப்பு இலைப் பொடிதான். சீயக்காயும் சரி, மைல்டான ஷாம்புவும் சரி. அரை லிட்டர் எண்ணெயைத் தலையில் கொட்டி அதைப் போக்க ஷாம்புவை நான்கு தடவை போட்டால், காப்பாற்ற நினைத்த முடியைத்தான் மறுபடியும் காய வைக்கிறோம்.

ஆனால் முடி வளருமா? இதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள், கடைகளும் இதைச் சொல்லித்தான் விற்கின்றன. வளர வைக்காது. உடைவது குறைவதால் இருக்கிற நீளம் தங்குகிறது, அதனால் அடர்த்தியாகத் தெரிகிறது, அவ்வளவுதான். இரும்புச்சத்து குறைவு, தைராய்டு, பிரசவத்துக்குப் பிறகு கொட்டுவது, பரம்பரை வழுக்கை, இவற்றில் எதுவும் எண்ணெயால் சரியாவதில்லை. கொத்துக் கொத்தாகக் கொட்டுகிற பெண்ணை டாக்டரிடம் கூட்டிப்போய் ஒரு ரத்தப் பரிசோதனை பார்க்காமல், வாரம் ஒரு புது எண்ணெய் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருக்கும் அம்மாக்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும்.

பொடுகு இருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். தலை காய்ந்ததால் பொடுகு வருகிறது என்று நினைத்து எண்ணெயை அப்புகிறோம். பொடுகுக்குப் பின்னால் இருக்கிற மலசீசியா என்ற பூஞ்சைக்கு எண்ணெயில் உள்ள கொழுப்பு அமிலங்கள்தான் சாப்பாடு. மஞ்சளாக, பிசுபிசுப்பாக, அரிப்போடு உதிர்கிற பொடுகு என்றால் முதலில் கீட்டோகொனசோல் ஷாம்பு மாதிரி வைத்தியத்தை முடித்துவிட்டு, அப்புறம் நுனிமுடிக்கு மட்டும் எண்ணெய் வையுங்கள்.

கறிவேப்பிலை, செம்பருத்தி, கரிசலாங்கண்ணி, வெந்தயம் எல்லாம் போட்டுக் காய்ச்சிய எண்ணெயும் அதே கடையில் கிடைக்கிறது, சாதா எண்ணெயைவிட விலை அதிகம். மணம் அருமையாக இருக்கிறது, தேய்க்கிறபோது மனசுக்கும் நன்றாக இருக்கிறது. ஆனால் வெறும் எண்ணெயைவிட முடிக்கு அதிகமாக என்ன செய்தது என்று என்னால் காட்ட முடியவில்லை. வீட்டிலேயே காய்ச்சுவதானால் இலையை நிழலில் காயவைத்துப் போடுங்கள், சடசடப்பு முழுதாக அடங்குகிற வரை சிறு தீயில் வையுங்கள். ஈரம் கொஞ்சம் நின்றாலும் எண்ணெய் கெட்டுப்போகும்.

தோலுக்கு வந்தால் கை, கால், முழங்கை, பித்தவெடிப்பு, பனிக்காலத்தில் வெடிக்கிற உதடு, இதற்கெல்லாம் தயங்காமல் போடலாம். குளித்துவிட்டு உடம்பில் ஈரம் முழுதாகப் போவதற்குள் கொஞ்சமாகத் தடவினால் ஈரத்தை உள்ளேயே பிடித்து வைக்கிறது. 2004இல் பிலிப்பைன்ஸில் வறண்ட தோல் உள்ள 34 பேரிடம் விர்ஜின் தேங்காய் எண்ணெயையும் மினரல் ஆயிலையும் இரண்டு வாரம் தடவிப் பார்த்ததில் இரண்டும் ஒரே அளவுக்கு வேலை செய்தன. அதாவது நல்ல மாய்ஸ்சரைசர் என்ற பெயருக்கு இது தகுதியானதுதான், மாயம் எதுவும் இல்லை.

முகத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். பருக்களோ கரும்புள்ளிகளோ வருகிற முகம் என்றால் நிச்சயமாக வேண்டாம், துளைகளை அடைக்கிற எண்ணெய்களில் இதுவும் ஒன்று. டீன் ஏஜ் பிள்ளைகளுக்கு நெற்றி ஓரத்தில் மட்டும் பருவாக வந்தால் தலையில் வைத்த எண்ணெய் வழிகிறதா என்று முதலில் பாருங்கள். சன்ஸ்கிரீனுக்குப் பதிலாக இதைத் தடவலாம் என்று வீடியோக்களில் சொல்கிறார்கள், அதை நம்பி வெயிலில் போகாதீர்கள். சூடு பட்ட இடத்தில் உடனே எண்ணெய் வைப்பதும் தவறு, ஓடுகிற தண்ணீரில்தான் காட்ட வேண்டும். கைக்குழந்தைக்கு உடம்பில் தேய்த்துக் குளிப்பாட்டுங்கள், நன்றாக இருக்கும், ஆனால் மூக்கிலும் காதிலும் சொட்டு விடுகிற பழக்கத்தை எந்தப் பாட்டி சொன்னாலும் விட்டுவிடுங்கள். நுரையீரலுக்குள் எண்ணெய் போனால் விபரீதமாகிவிடும்.

இப்போது நீல பாட்டில். அதில் எங்கேயாவது கூந்தல் தைலம் என்று இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்திருக்கிறீர்களா? இருக்காது, சைவ உணவுப் பொருளுக்குரிய பச்சைப் புள்ளிதான் இருக்கும். சமையல் எண்ணெய்க்கு வரி குறைவு, கூந்தல் எண்ணெய்க்கு அதிகம் (ஜிஎஸ்டி வந்த பிறகு 5, 18 சதவீதம்) என்று இருந்ததால், சின்ன பாட்டிலில் அடைத்தால் அது எது என்று ஜிஎஸ்டிக்கு முந்தைய கலால் வரிக் காலத்திலேயே ஒரு வழக்கு தொடங்கியது. சேலம் மத்திய கலால் ஆணையர் தரப்பில் போனது, 2018இல் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் இருவரும் ஆளுக்கொரு தீர்ப்பு சொல்ல, 2024 டிசம்பரில்தான் மூன்று நீதிபதிகள் சேர்ந்து, உணவுத் தரத்துக்கு ஏற்ப அடைத்திருந்தால் சின்ன பாட்டிலும் சமையல் எண்ணெய்தான் என்று முடித்தார்கள். 2025 செப்டம்பரில் கூந்தல் எண்ணெய்க்கும் வரி 5 ஆகிவிட்டது. வாங்குகிற நமக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது: வெறும் தேங்காய் எண்ணெய் என்று அடைத்த பாட்டிலை நம்பலாம், "தேங்காய்" என்று பெரிதாகவும் மினரல் ஆயில் என்று பின்னால் பொடி எழுத்திலும் போட்டிருக்கிற வாசனைக் கூந்தல் எண்ணெய் வேறு பொருள். செக்குக்கு வழியில்லாத ஊரில் இருப்பவர்கள் நீல பாட்டில் வாங்குவதில் குறை ஒன்றும் இல்லை. கொழுப்பு அமிலங்கள் ஏறக்குறைய ஒன்றேதான், முடிக்குக் கிடைப்பதும் ஒன்றேதான். செக்கில் கூடுதலாகக் கிடைப்பது மணமும், பருப்பைக் கண்ணால் பார்த்து வாங்கிய நிம்மதியும். சமையலுக்கும் அதையே ஊற்றுகிறவர்களுக்கு அது பெரிய விஷயம்.

தேங்காய்ப்பாலில் இருந்து எடுக்கிற விர்ஜின் எண்ணெய் லேசானது, வாசனை மென்மையானது, கேரளத்தில் குழந்தைகளுக்கு உருக்கு வெளிச்செண்ணெய் என்று வீட்டிலேயே காய்ச்சுவார்கள். தோலுக்கு அது பிடித்திருந்தது, ஆனால் கடை விலையைப் பார்த்தால் தலைக்கு ஊற்ற மனசு வராது. ஆன்லைனில் ஒருமுறை வாங்கிய கண்ணாடி பாட்டில் திறந்ததுமே சிக்கு வாடை, தயாரித்த தேதி எங்கேயும் இல்லை. அந்தத் தேதி இல்லாத எதையும் இப்போது வாங்குவதில்லை.

கலப்படம் பார்க்க ஃபிரிட்ஜில் வைக்கச் சொல்வார்கள். சுத்தமான தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனாலே உறைய ஆரம்பிக்கும், ஃபிரிட்ஜில் முழுதாக வெள்ளையாகக் கட்டிவிடும். மேலே எண்ணெய் தனியாக நின்றால் லிக்விட் பாரஃபினோ வேறு எண்ணெயோ கலந்திருக்கிறது. ஆனால் பாம் கெர்னல் எண்ணெய் கலந்திருந்தால் இந்தச் சோதனையில் மாட்டாது, அதுவும் இதே மாதிரிதான் உறையும். அதனால்தான் பருப்பு, விலை, மணம் மூன்றையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறேன்.

பங்குனி, சித்திரை வெயிலில் காய்ந்த பருப்பின் எண்ணெய்தான் வருடத்தில் சிறந்தது, முடிந்தால் அப்போது கொஞ்சம் கூடுதலாக வாங்கிக்கொள்ளலாம். மற்ற மாதங்களில் ஒரு லிட்டருக்கு மேல் வேண்டாம். வீட்டில் இருந்து தூக்குப் பாத்திரம் கொண்டுபோனால் அதிலேயே அளந்து ஊற்றித் தருகிறார்கள். எவர்சில்வராகவும் உள்ளே ஒரு சொட்டு ஈரம் இல்லாமலும் இருக்கட்டும், செம்பு, பித்தளை கொண்டுபோகாதீர்கள், அதில் எண்ணெய் சீக்கிரம் கெடும்.