கிருஷ்ணகிரியில் ஒரு சைனிக் பள்ளி நுழைவுத்தேர்வுப் பயிற்சி வகுப்பு: நான்கு மாத அனுபவம்

ஐந்தாம் வகுப்பு படித்த என் மகளை, சைனிக் பள்ளி (ராணுவ அதிகாரி ஆவதற்குப் பிள்ளைகளைத் தயார்படுத்தும் உறைவிடப் பள்ளி) ஆறாம் வகுப்பு நுழைவுத்தேர்வுக்காக, கிருஷ்ணகிரி ரவுண்டானாவிலிருந்து நடந்து செல்லும் தூரத்தில் ஒரு வீட்டு மாடியில் நடக்கும் பயிற்சி வகுப்பில் சேர்த்திருந்தோம். காவேரிப்பட்டணத்திலிருந்து சனி, ஞாயிறு இரு நாளும் பஸ் ஏறி, நான்கு மாதங்கள் விடாமல் சென்று வந்தோம். கட்டணம் 9,000 ரூபாய். புத்தகத்துக்குத் தனியாக 850 ரூபாய். வகுப்பில் இருபத்திரண்டு பிள்ளைகள் இருந்தார்கள்.

உடுமலைப்பேட்டை அருகே 1962இல் தொடங்கப்பட்ட அமராவதிநகர் சைனிக் பள்ளிக்கு மட்டுமல்லாமல், அண்மைக் காலத்தில் தனியார் பள்ளிகளோடு கூட்டாகத் தொடங்கப்பட்ட புதிய சைனிக் பள்ளிகளின் ஆறாம் வகுப்புக்கும் இந்த ஒரே தேர்வைத்தான் எழுத வேண்டும். மொத்தம் 125 கேள்விகள், 300 மதிப்பெண், 150 நிமிடம். மொழி, நுண்ணறிவு, பொது அறிவு ஆகிய மூன்றும் தலா 25 கேள்விகள், கேள்விக்கு 2 மதிப்பெண். கணக்கு மட்டும் 50 கேள்விகள், கேள்விக்கு 3 மதிப்பெண். அதாவது மொத்த மதிப்பெண்ணில் சரிபாதி கணக்கிலேயே இருக்கிறது.

பெற்றோர் பலர் கவனிக்காத சிக்கலும் அந்தக் கணக்கில்தான் இருக்கிறது. நம் சமச்சீர் பாடத்திட்டத்தில் விகிதமும் விகிதசமமும் ஆறாம் வகுப்பில்தான் வருகின்றன. தனிவட்டி ஏழாம் வகுப்பில்தான் வருகிறது. இந்தத் தேர்வோ ஐந்தாம் வகுப்புப் பிள்ளையிடமே இவற்றைக் கேட்கிறது. ஆகவே, பள்ளியில் முதல் மதிப்பெண் வாங்கும் பிள்ளையாக இருந்தாலும், யாராவது உட்கார வைத்து முதலிலிருந்து சொல்லித் தராவிட்டால் திணறத்தான் செய்யும். இந்த வகுப்பில் அதை நன்றாகவே செய்தார்கள். தனிவட்டியைச் சூத்திரத்தில் தொடங்காமல், மாங்காய் மண்டிக்குக் கடன் வாங்கிய ஒருவர் நூறு ரூபாய்க்கு ஆண்டுக்கு எவ்வளவு கூடுதலாகத் தருவார் என்று கேட்டே ஆசிரியை தொடங்கினார். இரண்டு வாரத்தில் என் மகள் வாய்க்கணக்காகவே சொல்லத் தொடங்கிவிட்டாள்.

ஆனாலும் கட்டணத்துக்கு ஈடானது என்று நான் மதிப்பது பாடத்தை அல்ல, மாதிரித் தேர்வுக்குப் பிறகு அவர்கள் செய்ததைத்தான். மூன்றாவது மாதிரித் தேர்வில் என் மகள் 41ஆம் கேள்வியைப் பிறகு பார்க்கலாம் என்று தாண்டிவிட்டு, 42க்கான விடையை 41இன் வட்டத்தில் நிரப்பிவிட்டாள். அங்கிருந்து 50 வரை ஒன்பது விடைகளும் ஒரு வரிசை மேலே ஏறிவிட்டன. அவற்றில் ஏழு சரியான விடைகள். கணக்குப் பகுதி என்பதால் 21 மதிப்பெண் போயிற்று. ஓ.எம்.ஆர். தாளில், அதாவது வட்டங்களை நிரப்பி விடை குறிக்கும் தாளில், பால்பாயிண்ட் பேனாவால் நிரப்பியதை அழிக்கவும் முடியாது. தாளைப் பார்த்துக் குழந்தை அழுதபோது ஆசிரியை திட்டவில்லை. பக்கத்தில் அமர்ந்து, வரிசைக்குக் கீழே ஸ்கேலை வைத்து, “பாப்பா, கேள்வி நம்பரை வாய்க்குள்ளேயே சொல்லிக்கிட்டு வட்டத்தை நிரப்பு, அப்புறம் ஸ்கேலை இறக்கு” என்று பத்து வரிசை செய்ய வைத்தார். அதன் பின் ஒருமுறைகூட அந்தத் தவறு நேரவில்லை.

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பிழை நோட்டு உண்டு. பக்கத்தின் ஒரு பாதியில் “தெரியாமல் போனது”, மறு பாதியில் “தெரிந்தும் போனது” என்று தலைப்பிட்டு, தவறிய ஒவ்வொரு கேள்வியையும் பிள்ளையே தன் கையால் எழுத வேண்டும். முதல் தேர்வில் என் மகளின் “தெரிந்தும் போனது” பக்கத்தில் 31 கேள்விகள் இருந்தன. கடைசித் தேர்வில் எட்டுதான். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லாத தேர்வு என்பதால் எந்த வட்டத்தையும் காலியாக விடக் கூடாது என்பதையும் முதல் வாரத்திலேயே பழக்கிவிட்டார்கள்.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஆறாம் வகுப்புத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். விண்ணப்பிக்கும்போதே மொழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்த மையத்திலோ புத்தகம் முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்த நான்கு பிள்ளைகள் நுண்ணறிவுப் பகுதியில் கேள்வியே புரியாமல் தவித்ததை நான் நேரில் பார்த்தேன். எண் தொடரையும் கண்ணாடிப் பிம்பத்தையும் கண்டுபிடிக்கும் திறன் அந்தப் பிள்ளைகளுக்கு நிறையவே இருந்தது, தடுத்தது மொழிதான். அவர்களிடமும் அதே கட்டணத்தை வாங்கிக்கொண்டு தமிழில் ஒரு பிரதிகூடத் தராதது எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது. பொது அறிவு வகுப்பும் சுமார்தான். தலைநகரங்களையும் விருதுகளையும் ஒப்பிக்க வைத்ததோடு சரி.

மற்றொரு குறையை நானே தாமதமாகத்தான் உணர்ந்தேன். உண்மைத் தேர்வு பிற்பகல் 2 மணிக்குத் தொடங்கி 4.30 வரை நடக்கிறது. இவர்களோ எல்லா மாதிரித் தேர்வுகளையும் காலை 8 மணிக்கே வைத்தார்கள். வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பின் பழைய வினாத்தாள் ஒன்றைக் கொடுத்துப் பார்த்தேன். காலையில் தடுமாறாமல் எழுதும் குழந்தை, மூன்று மணிக்கு மேல் கண்ணைக் கசக்கிக்கொண்டே பெருக்கலில் தவறினாள். கடைசி ஆறு வாரமும் மதியச் சாப்பாட்டைக் குறைவாக, 12 மணிக்கே கொடுத்து, 2 மணிக்குத் தாளை நீட்டினேன். நான்காவது வாரத்தில்தான் உடம்பு அதற்குப் பழகியது.

கூட்டல் கழித்தலில் தடுமாற்றம் இல்லாத, ஆங்கிலத்தில் கேள்வியைப் படித்துப் புரிந்துகொள்ளும் பிள்ளைக்கு இந்த வகுப்பைத் தயங்காமல் சொல்வேன். தமிழ் வழிப் பிள்ளை என்றால், தமிழில் பாடக் குறிப்பு தருவதாக ஒப்புக்கொண்ட பிறகே பணம் கட்டுங்கள். ஒவ்வொரு பகுதியிலும் குறைந்தது 25 சதவீதமும் மொத்தத்தில் 40 சதவீதமும் வேண்டும் என்பதால், கணக்கில் மட்டும் வலுவாக இருக்கும் பிள்ளைக்கு மற்றப் பகுதிகளில் எவ்வளவு நேரம் ஒதுக்குவார்கள் என்றும் கேளுங்கள். மாதிரித் தேர்வைப் பிற்பகலுக்கு மாற்றும்படி நான் கேட்டபோது, அடுத்து சேரும் பிள்ளைகளின் வகுப்பிலிருந்து மாற்றுவதாக ஆசிரியை சொன்னார். என் தங்கை மகனைச் சேர்க்கப் போகும் நாளில் முதலில் அதைத்தான் விசாரிப்பேன்.