ஊரில் 5 கிழமை, பின்னேரங்களில் நூலகம்

அம்மாவின் கண் சத்திரசிகிச்சைக்காக 2025 ஆடியில் ஊருக்குப் போய் 5 கிழமை நின்றேன். ஊர் யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் இருக்கிறது. பிரதான வீதியை விட்டு உள்ளே திரும்பினால் வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு ஒழுங்கை போகும், அதன் முடிவில். வங்கி, காணிக் கந்தோர், ஆஸ்பத்திரி எல்லாம் இப்போது எப்படி இருக்கின்றன என்று திரும்பி வந்து எழுதலாமென்றுதான் குறிப்பு எடுத்துக்கொண்டேன். அவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். அரச ஆஸ்பத்திரியில் காசில்லாமல் கண் பார்த்தார்கள், தாதிமார் அன்பாக நடந்தார்கள், காத்திருந்த நேரம்தான் அதிகம். வங்கி பரவாயில்லை. காணி உறுதியின் பிரதி எடுக்க மூன்று தரம் அலைந்தேன். அவ்வளவுதான்.

குறிப்புப் புத்தகத்தின் மிச்சப் பக்கங்களை நிரப்பியது பிரதேச சபை நடத்துகிற எங்கள் ஊர் நூலகம். நான் அங்கே போனதே அம்மா அனுப்பித்தான்.

கட்டுப் போட்ட கண்ணோடு வாசிக்கக் கூடாதென்று டொக்டர் சொல்லிவிட்டார். அம்மாவுக்குப் பேப்பரில் மரண அறிவித்தல் பார்க்காமல் பொழுது போகாது. முன்பு பக்கத்து வீட்டுப் பேப்பர் கை மாறி வரும். 2022 பொருளாதார நெருக்கடியில் கடதாசித் தட்டுப்பாடு வந்து விலை ஏறியபோது அவர்கள் பேப்பர் எடுப்பதை நிறுத்தினார்கள், பிறகு தொடங்கவில்லை. "லைப்ரரியில கிடக்கும், ஆர் ஆர் மோசம் போனது எண்டு பாத்துக்கொண்டு வா" என்றார் அம்மா.

போனேன். ஓட்டுக்கூரை போட்ட ஒற்றைக் கட்டடம். முன்விறாந்தையில் நீளமான மேசை, இரண்டு வாங்கு. உள்ளே ஏழெட்டு இரும்பு அலுமாரி, சிறுவர் மூலையில் பாய். வாசலில் சைக்கிள்கள் சாத்திக் கிடந்தன. பாதி பெண்பிள்ளைகளின் சைக்கிள். அதைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் உள்ளே போகாமல் நின்றுவிட்டேன்.

காரணம் இதுதான். என் சின்ன வயதில் இதே இடத்தில் இருந்தது வாசிகசாலை. ஊர் இளைஞர்கள் காசு சேர்த்துக் கட்டியது, சனசமூக நிலையமாகப் பதிந்தது. காலையில் பேப்பர், மாலையில் ரேடியோ, இரவில் அரசியல். எல்லாம் ஆம்பிளைகளுக்கு. பெண்பிள்ளை அந்த வாங்கில் போய்க் குந்தினாள் என்ற பேச்சுக்கே இடமில்லை. அண்ணா இரண்டு புத்தகம் எடுத்து வருவார், ஒன்று அவருக்கு, ஒன்று எனக்கு. எனக்கு என்ன பிடிக்கும் என்று அவர்தான் தீர்மானித்தார். உள்ளே அலுமாரி எப்படி இருக்கும் என்று தெரியாமலேயே நான் வளர்ந்து, நாடு விட்டும் போய்விட்டேன். 1995 அக்டோபர் 30 இரவு போருக்குப் பயந்து வலிகாமம் முழுக்க எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது ஊரில் ஆளில்லை. அடுத்த வருசம் அம்மா திரும்பி வந்து பார்த்தபோது வாசிகசாலையில் சுவர் மட்டும் நின்றதாம். இப்போது நிற்பது அதற்குப் பிறகு சபை கட்டியது.

நூலகப் பொறுப்பாளர் நாற்பது வயது மதிக்கத்தக்க பெண். பிள்ளைகளுக்கு அவர் 'மிஸ்', வயசாளிகளுக்கு 'பிள்ளை'. என்னைக் கண்டதும், "வாங்கோ அக்கா, அம்மாக்குக் கண் என்ன மாதிரி?" என்றார். நான் யாரென்று சொல்லவே இல்லை.

நோர்வேயில் நான் இருக்கிற இடமும் சின்ன ஊர்தான். ஒவ்வொரு நகரசபையும் பொது நூலகம் நடத்தியே ஆக வேண்டும் என்று அங்கே 1985ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அருமையான நூலகம். பணியாளர் வீட்டுக்குப் போன பிறகும் அட்டையைக் காட்டி இலக்கத்தைத் தட்டினால் கதவு திறக்கும், புத்தகத்தை இயந்திரத்தில் நாங்களே பதியலாம். பல மாதமாக ஒரு மனிதரோடும் கதைக்காமல் இரவல் எடுத்திருக்கிறேன். அந்த வசதியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன், வேலை முடிந்து இரவு எட்டு மணிக்குப் போகிற எனக்கு அது பெரிய உதவி. ஆனால் ஊரில் கண்டதற்கு அங்கே ஈடு இல்லை. எங்கள் ஊர் நூலகத்தின் பாதி அலுமாரியில் இருக்கிறது, மற்றப் பாதி அந்தப் பெண்ணின் தலைக்குள் இருக்கிறது.

விறாந்தையில் தினமும் இரண்டு ஐயாமார். ஒருவர் ஓய்வுபெற்ற வாத்தியார். மற்றவர் சுருட்டுத் தொழிலாளி, பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர். ஒரு காலத்தில் சுருட்டுக் கொட்டிலில் ஒருவர் உரத்துப் பேப்பரோ கதையோ வாசிப்பார், மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சுற்றுவார்கள். அப்படிக் கேட்டே உலகம் அறிந்தவர் இவர். இப்போது வாத்தியார் வாசிக்கிறார், இவர் கேட்கிறார். தொடங்குவது எப்போதும் மரண அறிவித்தலில். "ஊரைப் பிறப்பிடமாகவும் கனடாவை வதிவிடமாகவும் கொண்ட..." என்று வாத்தியார் நிறுத்துவார். மற்றவர் கண்ணை மூடி, "ஆற்ற மேன்? சங்கக்கடைக்குப் பின்வளவுக்காரரோ?" என்பார். இருவரும் சேர்ந்து அந்த வளவு, கிணறு, அதில் பிறந்த ஆறு பிள்ளை, யார் எந்த நாட்டில் என்று கட்டி முடிப்பார்கள். போனவர்கள் எல்லோரையும் யாரோ எண்ணி வைத்திருக்கிறார்கள் என்பதை நான் அந்த வாங்கில்தான் அறிந்தேன். என் அப்பாவின் அறிவித்தல் வந்த நாளை வாத்தியார் தேதியோடு சொன்னார்.

இரண்டு மணிக்குப் பிறகு பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருவார்கள். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கியிருந்த நேரம். டியூஷனுக்குப் போகிறவர்கள் இடைப்பட்ட நேரத்துக்கு வருவார்கள், போக வசதியில்லாதவர்கள் முழு நேரமும் இருப்பார்கள். தாய் தோட்டக் கூலிக்குப் போகிற ஒரு சிறுமியைத் தினமும் பார்த்தேன். கடந்தகால வினாத்தாள் தொகுப்பு நூலகத்தில் ஒன்றே ஒன்று, அது இரவலுக்கு இல்லை. அவள் விடைகளைத் தாளில் எழுதுவாள், புத்தகத்தில் பென்சில் படாது. முடித்ததும் மிஸ் திருத்துவார். திருத்துவது அவர் வேலை இல்லை, அதற்குச் சம்பளமும் இல்லை. வீட்டில் யாருமில்லாத பிள்ளைக்குப் பாதுகாப்பான கூரையும் ஒரு மேசையும் கேள்வி கேட்க ஒரு ஆளும் பின்னேரம் ஐந்து மணிவரை கிடைக்கிறது. ஊரில் வேறெந்த இடம் அதைக் கொடுக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் அகப்படவில்லை.

சரி, இனி எனக்குக் கஷ்டமான பகுதி.

பின்னறையில் கொப்பி ஒன்று தேடப் போனபோது சுவரோரம் மூன்று கடதாசிப் பெட்டிகள் கண்டேன். மேல் பெட்டியில் முகவரி என் கையெழுத்தில் இருந்தது. 2012இல் நாங்கள் பத்துப் பதினைந்து குடும்பம் சேர்ந்து, ஊருக்குப் புத்தகம் அனுப்புகிறோம் என்று எங்கள் வீட்டு நிலவறையில் பொதி கட்டி அனுப்பியவை. திறந்தேன். ஆங்கிலக் கலைக்களஞ்சியத்தில் தொகுதிகள் குறைவு. எப்போதோ காலாவதியான கணினிப் பாடநூல்கள். நோர்வே மொழிச் சிறுவர் புத்தகங்கள், படம் வடிவானவை, ஊரில் ஒருவருக்கும் வாசிக்கத் தெரியாதவை. அடிப்பெட்டியில் கறையான் பிடித்திருந்தது. கப்பல் கூலி அந்தப் புத்தகங்களின் பெறுமதியை விடக் கூட.

"ஏன் தங்கச்சி, இதுகளை எறிஞ்சிருக்கலாமே?"

"பதிவேட்டில ஏத்தினதை நினைச்சபடி எறிய ஏலாது அக்கா. அதோட, அனுப்பினவை வந்து பாத்தால் மனம் நோகுமெல்லோ."

பதின்மூன்று வருசமாக ஒரு அறையின் மூலையை என் மனம் நோகாமல் இருப்பதற்காகக் காத்து வைத்திருக்கிறார்கள். அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

அடுத்த நாள் நேராகவே கேட்டேன்: உங்களுக்கு என்ன வேணும்? அவர் லாச்சியைத் திறந்து 80 பக்கக் கொப்பி ஒன்றை எடுத்துத் தந்தார். மட்டையில் 'கேட்டவை' என்று எழுதியிருந்தது. வாசகர் கேட்டு, தன்னால் கொடுக்க முடியாமல் போனதை அன்றன்றே எழுதி வைக்கிறார். உயர்தரப் பௌதிகவியல் வினாத்தாள், தமிழ் மொழிமூலம், நான்கு பேர். வெங்காயத்தில் நுனி கருகும் நோய்க்கு விவசாயத் திணைக்களத் துண்டுப்பிரசுரம். சட்டை வெட்டுகிற தையல் புத்தகம். பெரிய எழுத்தில் அச்சான தேவாரம். நீரிழிவுக்காரருக்குச் சமையல். ஊர்ப் பள்ளிக்கூடத்தின் பழைய ஆண்டு மலர். இதற்கு நேரே 'நூலகம் தளத்தில் தேடினேன், இல்லை' என்று சிவப்பில் குறிப்பு. ஈழத்து எழுத்துகளை 2005 முதல் மின்வடிவில் சேர்த்து வைக்கிற நூலக நிறுவனத்தின் தளம் அது. பழைய நூல் கேட்டு வருகிறவர்களுக்கு அவர் தன் கைத்தொலைபேசியில், தன் சொந்த டேட்டாவில், அதில் தேடிக் கொடுக்கிறார்.

நூலகம் என்றால் எங்களில் பலருக்கு நினைவு வருவது யாழ்ப்பாணப் பொது நூலகம். க. மு. செல்லப்பா 1933இல் தன் வீட்டில் தொடங்கி, 1959இல் வெள்ளைக் கட்டடமாக எழுந்து, 1981இல் ஏறக்குறைய 97,000 நூல்களோடு எரிக்கப்பட்டது. அந்த நெருப்பை நான் மறக்க மாட்டேன், மறக்கவும் கூடாது. புத்தகம் சேர்த்து அனுப்பும்போது எங்கள் எல்லோர் மனதிலும் இருந்ததும் அந்த நெருப்புத்தான். எரிந்ததற்கு ஈடாக எவ்வளவு முடியுமோ அவ்வளவு அனுப்ப வேண்டும் என்ற தவிப்பு. அந்தப் பெரிய நூலகத்துக்கு ஆலோசனை சொன்னவர் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். 1931இல் அவர் வகுத்த ஐந்து விதிகளில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்பது. மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர். 80 பக்கக் கொப்பியில் அந்த இரண்டாவது விதி தினமும் எழுதப்படுகிறது. என் மூன்று பெட்டிகளும் மூன்றாவது விதியை மீறிக்கொண்டு மூலையில் கிடக்கின்றன.

குறைகளையும் சொல்ல வேண்டும். மேற்குப் பக்க ஓடு ஒழுகுகிறது. 894.811 என்று முதுகில் ஒட்டிய தமிழ் இலக்கிய அலுமாரிக்கு மேல் பொலித்தீன் விரித்திருக்கிறார்கள். கடிதம் போட்டுக்கொண்டே இருந்தார்களாம். 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்த பிறகு 2025 மே தேர்தல் வரை போய்க் கேட்க உறுப்பினர் என்று ஒருவரும் இருக்கவில்லை. இப்போது இருக்கிறார்கள், கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். அதைவிடப் பெரிய குறை, ஒரே ஆள். மிஸ்ஸுக்குக் காய்ச்சல் வந்த இரண்டு நாள் கதவு திறக்கவில்லை. ஐயாமார் இருவரும் பூட்டின வாசலில் குடையோடு குந்தியிருந்துவிட்டுப் போனதை நான் கண்டேன். அந்தச் சிறுமி எங்கே போனாள் என்று தெரியவில்லை. இரண்டாவது ஆளைப் போட வேண்டும். கட்டடத்துக்குக் காசு கொடுக்க வெளிநாட்டில் ஆள் இருக்கிறார்கள், கல்லில் பெயர் வெட்டலாம். ஆளின் சம்பளத்துக்குக் கல் இல்லை.

போகிறவர்களுக்கு உதவும் என்பதால் இதையும் எழுதுகிறேன். உள்ளே இருந்து வாசிக்க என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. இரவலுக்கு அந்தப் பிரதேசத்தில் வதிபவராக இருக்க வேண்டும், படிவத்தில் ஒருவர் பிணை நிற்க வேண்டும். ஆகவே வீட்டில் இருக்கிற ஒருவர் பெயரில் எடுப்பதுதான் வழி. ஏதாவது கொடுக்க விரும்பினால் முதலில் போய் மேசையில் இருந்து இரண்டு நாள் பாருங்கள், அப்புறம் கேளுங்கள். நான் பேப்பர்க் கடைக்காரரிடம் ஒரு வருசத்துக்கு இரண்டு பேப்பருக்கும் ஒரு சிறுவர் மாத இதழுக்கும் காசு கட்டினேன். கொப்பியில் இருந்தவற்றில் பதினொன்றை யாழ்ப்பாணம் ரவுணில் வாங்கினேன், வினாத்தாள் தொகுப்பில் மட்டும் ஐந்து பிரதி. சபையில் அன்பளிப்பாகப் பதிந்து பற்றுச்சீட்டுத் தந்தார்கள். என் பெட்டிகளைக் கழிக்கச் சொல்லி, அனுப்பியவர் என்ற முறையில் கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மிஸ் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டுக் கோப்பில் வைத்தார்.

நான் வெளிக்கிடுவதற்கு மூன்று நாள் முன்பு அம்மாவின் கண் கட்டு அவிழ்த்து, வாசிக்கலாம் என்று சொன்னார்கள். 78 வயது. பேப்பர் கொண்டுவரட்டா என்று கேட்டேன். "நானே வாறன்" என்றார்.

ஓட்டோவில் போனோம். வாத்தியார் எழும்பி வாங்கில் இடம் விட்டார். அம்மா முதலில் இருக்கவில்லை. அலுமாரிகளுக்கு நடுவே ஒவ்வொரு தட்டாகத் தடவிக்கொண்டு நடந்தார். அந்த வளவுக்குள் வாசிகசாலை இருந்த காலம் தொட்டு வாசலோடு போய் வந்தவர், ஒருநாளும் படி ஏறாதவர். அங்கத்துவப் படிவத்தை மிஸ் நிரப்பினார், வாத்தியார் பிணை நின்றார். தொழில் என்ற இடத்தில் என்ன போட என்று மிஸ் கேட்க, அம்மா கொஞ்சம் யோசித்து, "தோட்டம் எண்டு போடு பிள்ளை" என்றார்.

பிறகு வந்து வாங்கில் இருந்தார். புதுக் கண்ணாடியைச் சேலைத் தலைப்பில் துடைத்துப் போட்டுக்கொண்டு பேப்பரைத் திருப்பினார். சுருட்டுக்கார ஐயா, "வாத்தியாருக்கு இண்டைக்குத் தொண்டை கட்டியிருக்கு" என்றார். அம்மா மரண அறிவித்தல் பக்கத்தை எடுத்து, முதலாவதிலிருந்து உரத்து வாசிக்கத் தொடங்கினார்.