மின்கம்பி வந்துவிட்டது, வண்டிதான் போதவில்லை: இரணியல் முதல் திருவனந்தபுரம் வரை

டொராண்டோவில் நான் வேலைக்குப் போவது டீசல் ரயிலில் என்று சொன்னால் ஊரில் யாரும் நம்புவதில்லை. "கனடாவிலயா?" என்று சிரிக்கிறார்கள். ஆனால் அதுதான் நிலைமை. 1967-இல் தொடங்கிய புறநகர் ரயில் சேவையான கோ டிரான்சிட்டின் இரட்டை மாடிப் பெட்டிகளை இன்றும் டீசல் என்ஜின்தான் இழுக்கிறது. விமான நிலையத்துக்கு 2015-இல் விட்ட யூபி எக்ஸ்பிரஸும் டீசல்தான். பின்னால் மின்சாரத்துக்கு மாற்றிக்கொள்ளலாம் என்ற ஏற்பாட்டோடு வாங்கியவை. மின்மயத் திட்டம் பல வருடப் பேச்சு. மில்டன் தடம் போன்ற சில பாதைகள் சரக்கு ரயில் கம்பெனிக்குச் சொந்தம், அங்கே நினைத்த நேரத்தில் கம்பி கட்டிவிட முடியாது.

எங்கள் குமரி மாவட்டத்துக்கு ரயில் வந்ததே 1979-இல்தான், கன்னியாகுமரிக்கும் திருவனந்தபுரத்துக்கும் இடையே 87 கிலோமீட்டர். நான் படித்த காலத்தில் இரணியலில் பாசஞ்சர் வண்டி கிளம்பும்போது டீசல் என்ஜின் உறுமும் உறுமலுக்கும் வண்டி நகரும் வேகத்துக்கும் சம்பந்தமே இருக்காது. இப்போது அதே பாதைக்கு மின்கம்பி வந்து, மெமு என்கிற மின்சாரப் பாசஞ்சர் வண்டி ஓடுகிறது. இந்த முறை அதில்தான் போனேன், நிஜமாகவே நல்ல வண்டி. மோட்டார்கள் ஒரே என்ஜினில் இல்லாமல் பல பெட்டிகளில் பிரிந்திருப்பதால் சட்டென்று வேகம் பிடிக்கிறது. பள்ளியாடி, குழித்துறை மேற்கு என்று சில கிலோமீட்டருக்கு ஒருமுறை நிற்கிற பாதைக்கு இதுதான் வேண்டும். இரண்டு பக்கமும் ஓட்டுநர் அறை இருப்பதால், தடம் முடிகிற கன்னியாகுமரியில் என்ஜினைக் கழற்றி மறுமுனையில் மாட்டும் வேலையும் இல்லை.

சரி, அப்புறம் என்ன குறை? பாதி வழியில் ஒரு சின்ன ஸ்டேஷனில் வண்டி நின்றது, நின்றுகொண்டே இருந்தது. எதிரே இருந்த பாட்டி, திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜுக்குப் போகிறவர், வெற்றிலையை மடித்தபடி சொன்னார்: "கிராசிங் மக்களே. எதுத்தாப்புல எக்ஸ்பிரஸ் வந்து போவாம இது நவுராது." அவருக்கு அது தினசரி விஷயம். ஒற்றைப் பாதையில் எந்த என்ஜின் மாட்டினாலும் எதிர்வண்டிக்காக ஒதுங்கித்தான் ஆக வேண்டும். ஒதுங்குவது எப்போதும் பாசஞ்சர்தான்.

டொராண்டோவின் லேக்‌ஷோர் தடத்தில் 2013 முதல் பகல் முழுக்க அரை மணிக்கு ஒரு வண்டி. புகை விடுகிறது, சத்தம் போடுகிறது, ஆனாலும் நேரம் பார்க்காமல் ஸ்டேஷனுக்குப் போகலாம். இங்கே காலையில் ஒரு வண்டியை விட்டால் அடுத்த மெமுவுக்குக் காத்திருப்பதைவிட பஸ் ஏறுவதே மேல். தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை நெரிசலில் நொந்துபோனாலும் என் அத்தான் தினமும் பஸ்ஸில்தான் வேலைக்குப் போகிறார். கட்டணம் ரயிலில்தான் மிகக் குறைவு. கொரோனா சமயத்தில் குறைந்தபட்சக் கட்டணத்தை 30 ரூபாய் ஆக்கியிருந்தார்கள். 2024-இல் மறுபடி 10-க்கு இறக்கிவிட்டார்கள். மலிவாக இருந்தும் அத்தானுக்குப் பயன் இல்லை, அவருக்குத் தோதான நேரத்தில் வண்டி இல்லை.

இரண்டாவது பாதை வேலை நடக்கிறது. திருநெல்வேலிப் பக்கம் நாகர்கோவில் வரை முடிந்துவிட்டது, திருவனந்தபுரம் பக்கம்தான் பாக்கி. மண்ணை ஆழமாக வெட்டிப் போன இடங்கள் அந்தப் பக்கம் நிறைய. 2021 நவம்பர் மழையில் மண் சரிந்து வண்டிகளே நின்றுபோயின. இரண்டாவது பாதை முடிந்ததும் இன்னொரு தூர எக்ஸ்பிரஸுக்கு இடம் கொடுப்பதை விட்டுவிட்டு, மணிக்கு ஒரு மெமு விடவேண்டும். கல்லூரிக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகிறவர்கள் சென்னை வண்டியில் ஏறுவதில்லை.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத ஒன்றும் உண்டு. பாட்டியை இறக்கிவிட இரண்டு பேர் கைகொடுக்க வேண்டியிருந்தது, பிளாட்பாரம் அவ்வளவு தாழ்வு. டொராண்டோவிலும் பெரும்பாலான ஸ்டேஷன்களில் தாழ்வுதான். ஆனால் ஒரு குறிப்பிட்ட பெட்டி நிற்கும் இடத்தில் மட்டும் சின்ன மேடையை உயர்த்திக் கட்டியிருப்பார்கள். ஊழியர் ஒருவர் வாசலுக்கும் மேடைக்கும் இடையே பலகையைப் போடுவார், சக்கர நாற்காலி உள்ளே போய்விடும். மெமுவின் ஒரே ஒரு பெட்டிக்கு அப்படி ஒரு மேடையை இரணியலிலும் குழித்துறையிலும் முதலில் கட்டலாம்.