பழைய ஹீட்டர் கோரைச் சரிசெய்வதா, புதிது மாட்டுவதா, தனி டீசல் ஹீட்டரா?

பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் ஹீட்டர் சூடு தரவில்லை என்றால் கடைசியில் மூன்று வழிகள்தான் மிஞ்சும். வண்டியோடு வந்த செம்பு-பித்தளை ஹீட்டர் கோரை, அதாவது எஞ்சினின் சுடுதண்ணீர் உள்ளே ஓடிக் கேபின் காற்றைச் சூடாக்கும் சின்ன ரேடியேட்டரை, கழற்றிக் கழுவி, ஓட்டை இருந்தால் ஈயம் வைத்து அடைப்பது ஒன்று. அதே அளவில் கிடைக்கும் புதிய அலுமினியக் கோரை மாட்டுவது இன்னொன்று. பழையதை அப்படியே விட்டுவிட்டு, டீசலை எரித்துச் சூடு தரும் தனி ஏர் ஹீட்டரைப் பொருத்துவது மூன்றாவது. போன குளிர்காலத்தில் என் 1983 டீசல் வண்டிக்கு நான் முதல் வழியில் போனேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் செய்வேன், அதனால் கீழே அதைப் பற்றித்தான் அதிகம் பேசப் போகிறேன்.

அதற்கு முன் ஒன்று. கோர்தான் கெட்டது என்று உறுதியாகாமல் எதையும் கழற்றாதீர்கள். இருபது நிமிடம் ஓட்டிவிட்டு வந்து, எஞ்சினிலிருந்து கேபினுக்குள் போகும் இரண்டு ஹீட்டர் ஹோஸ்களையும் தொட்டுப் பாருங்கள், ஃபேனும் பெல்ட்டும் பக்கத்திலேயே சுற்றும் என்பதால் எஞ்சினை அணைத்த பிறகு. இரண்டும் கை வைக்க முடியாத சூட்டில் இருந்தால் தண்ணீர் நன்றாக ஓடுகிறது, பிரச்சினை காற்றுப் பக்கம். ஒன்று கொதித்து மற்றொன்று குளிர்ந்திருந்தால் கோர் அடைத்திருக்கிறது அல்லது ஹீட்டர் வால்வு திறக்கவில்லை. இரண்டுமே வெதுவெதுப்பாக இருந்தால், எஞ்சின் தண்ணீரின் சூட்டைக் கட்டுப்படுத்தும் வால்வான தெர்மோஸ்டாட்டைச் சந்தேகியுங்கள். பழைய வண்டிகளில் எஞ்சின் சூடேறக் கூடாதென்று யாரோ ஒருவர் அதைக் கழற்றிப் போட்டிருப்பது சகஜம், 82 அல்லது 88 டிகிரி தெர்மோஸ்டாட் ஒன்றை மாட்டியதுமே பாதி வண்டிகளில் ஹீட்டர் உயிர்பெற்றுவிடும். டேஷ்போர்டுக்குப் பின்னால் களகளவென்று தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டால் உள்ளே காற்று சிக்கியிருக்கிறது. எஞ்சின் நன்றாக ஆறியிருக்கும்போது, வண்டியின் மூக்கு மேட்டில் இருக்கும்படி நிறுத்தி, ரேடியேட்டர் மூடியைத் திறந்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, குமிழி நிற்கும்வரை ஓடவிட்டு கூலன்ட் நிரப்புங்கள்.

காற்றுப் பக்கத்துக் கோளாறுகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஃபேன் உச்ச வேகத்தில் மட்டும் சுற்றினால் ரெசிஸ்டர் போய்விட்டது. சூட்டைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோலைத் தள்ளும்போது எந்த எதிர்ப்பும் தெரியாவிட்டால், அதை ஹீட்டர் வால்வோடு இணைக்கும் கேபிள் கிளிப்பிலிருந்து நழுவியிருக்கிறது. எனக்கு ஒரு வாரம் வீணானது இந்தக் கேபிளால்தான், வெளியே பார்க்க எல்லாம் சரியாக இருந்தது, வால்வு மட்டும் கால் பங்குதான் திறந்திருந்தது. அப்புறம் ஹீட்டர் பெட்டிக்குள் காற்றைத் திருப்பிவிடும் மடல்களின் ஓர ஸ்பாஞ்ச். நாற்பது வருடத்தில் அது பொடியாகிவிடுகிறது, குளிர்காற்று கோரைத் தொடாமலே ஓரமாக வந்துவிடுகிறது. எந்த வழியில் போனாலும் பெட்டியைத் திறந்த கையோடு புது ஸ்பாஞ்ச் ஒட்டிவிடுங்கள்.

சரி, இனி கோருக்கு வருவோம். பழைய கோரில் தண்ணீர் ஓடும் குழாய்கள் பித்தளை, இடையில் மடிப்பு மடிப்பாக இருக்கும் தகடுகள் செம்பு, எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்திருப்பது ஈயப்பற்று. முதலில் கோரை வெளியே எடுக்காமலே எதிர்த்திசையில் கழுவிப் பார்த்தேன். இரண்டு ஹோஸையும் பிடுங்கி, தண்ணீர் வழக்கமாக வெளியேறும் வாயில் மெதுவாகத் தண்ணீர் விட்டேன். முதல் இரண்டு நிமிடம் செங்கல் பொடி கரைத்த மாதிரித் தண்ணீர் வந்தது, அதன்பின் திட்டுத் திட்டாகத் துருச் சில்லுகள், அதற்கும் பின்னால் எப்போதோ யாரோ ஊற்றிய ஓட்டை அடைக்கும் மருந்தின் வெள்ளிநிறத் துகள்கள். அந்த மருந்து ரேடியேட்டர் ஓட்டையை அடைத்ததோ இல்லையோ, ஹீட்டர் கோரின் பாதிக் குழாய்களை அடைத்துவிட்டது. குழாய்கள் அங்கே மெல்லியவை, ஓட்டமும் குறைவு, தேங்குவதெல்லாம் அங்கேதான் போய்த் தேங்கும்.

கழுவியதில் பாதிச் சூடு திரும்பியது. மீதிக்காகக் கோரை வெளியே எடுத்து, லிட்டருக்கு 50 கிராம் கணக்கில் சிட்ரிக் அமிலம் கரைத்த சுடுநீரை நிரப்பி ஒரு மணி நேரம் வைத்து, பிறகு சோடா உப்புத் தண்ணீரால் அலசினேன். இதில் ஓர் ஆபத்து உண்டு, அதைத் தெரிந்தே செய்யுங்கள்: சில ஓட்டைகளை அதுவரை அடைத்துக்கொண்டிருந்ததே துருதான். அமிலம் துருவைக் கரைத்ததும் ஓட்டை வெளிப்படும். எனக்கு இரண்டு வெளிப்பட்டன. கோரின் ஒரு வாயை அடைத்து, மறு வாயில் ஏறக்குறைய ஒரு பார் காற்றழுத்தம் கொடுத்துத் தொட்டித் தண்ணீரில் அமிழ்த்தியபோது, மேல் தொட்டியும் குழாயும் சேரும் இடத்தில் ஊசிமுனைக் குமிழிகள் வரிசையாக ஏறின. ரேடியேட்டர் வேலை தெரிந்த ஒருவர் அந்த இடத்தைச் சுரண்டி, பளபளக்கத் தேய்த்து, ஈயம் ஓடவிட்டு அரை மணி நேரத்தில் முடித்துக் கொடுத்தார்.

என் முடிவைத் தீர்மானித்தது அந்த அரை மணி நேரம்தான். ஹீட்டர் கோர் ஒரு முறை கெடும் பொருள் இல்லை, பழைய வண்டியை வைத்துக்கொள்ளப் போகிறோம் என்றால் அது மறுபடியும் கெடும். அப்படிக் கெடும்போது அதைச் சரிசெய்ய முடியுமா என்பதுதான் கேள்வி. பித்தளைக் கோரில் தொட்டியை ஈயம் உருக்கித் திறக்கலாம், குழாய்களுக்குள் மெல்லிய கம்பி விட்டுச் சுத்தம் செய்யலாம், மூடி மறுபடி ஈயம் வைக்கலாம். குழாய்களே அரித்துப்போனாலும் பழைய தொட்டிகளை வைத்துக்கொண்டு நடுப்பகுதியை மட்டும் புதிதாகக் கட்டலாம். அலுமினியக் கோரில் இது எதுவும் நடக்காது. உலையில் பிரேஸிங் செய்து ஒரே கட்டியாக வருகிறது, ஓட்டை விழுந்தால் தூக்கிப்போட வேண்டியதுதான்.

அலுமினியக் கோர் மோசம் என்று நான் சொல்லவில்லை. எடை குறைவு, குழாய்கள் அகலமான தட்டை வடிவம், புதிதாக இருக்கும்போது நன்றாகவே சூடு தருகிறது. கூலன்ட்டை ஒழுங்காக மாற்றுபவருக்கு, மின் இணைப்புகள் சுத்தமாக உள்ள வண்டிக்கு, அது பல வருடம் உழைக்கும். ஆனால் பழைய வண்டிகளில் அந்த இரண்டாவது நிபந்தனைதான் உதைக்கிறது. எஞ்சினுக்கும் சேஸிஸுக்கும் இடையிலுள்ள எர்த் பட்டை துருப்பிடித்தால் மின்சாரம் கூலன்ட் வழியாகத் திரும்பப் பார்க்கும், மெல்லிய அலுமினியம் உள்ளிருந்தே அரிக்கப்படும். சோதிப்பது எளிது. மல்டிமீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரியின் நெகட்டிவில் வைத்து, சிவப்பு முனையை எந்த உலோகத்திலும் படாமல் ரேடியேட்டர் வாயில் கூலன்ட்டுக்குள் மட்டும் தோய்த்துக்கொண்டு, இன்னொருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். 0.3 வோல்ட்டைத் தாண்டினால் எர்த்தைச் சரிசெய்யாமல் அலுமினியக் கோரை மாட்டாதீர்கள். என் வண்டியில் முதல் முறை 0.5 காட்டியது, பட்டையை மாற்றியபின் 0.1க்குக் கீழே போனது. அந்த 0.5-இல்தான் என் பித்தளைக் கோர் எத்தனையோ வருடம் ஓடியிருக்கிறது.

நண்பர் ஒருவர் தன் வண்டிக்கு அலுமினியக் கோர் வாங்கினார். வாய்க்குழாய்களின் கோணம் ஒரு விரல் அகலம் தள்ளியிருந்தது, ஹோஸை முறுக்கிப் பொருத்த வேண்டியதாயிற்று. எல்லாத் தயாரிப்பும் அப்படித்தான் என்று ஒரே ஓர் உதாரணத்தை வைத்து நான் சொல்ல மாட்டேன். வாங்கும் முன் பழைய கோரைப் பக்கத்தில் வைத்து அளந்து பாருங்கள், அவ்வளவுதான்.

டீசல் ஏர் ஹீட்டர் வேறு ஜாதி. வெபாஸ்டோ, எபர்ஸ்பேஹர் போன்ற நிறுவனங்கள் பல காலமாகச் செய்துவரும் பொருள் அது. எஞ்சின் அணைந்திருந்தாலும் சூடு தரும் என்பது அதன் பெரிய பலம், வண்டிக்குள் படுத்து உறங்குபவர்கள் யோசிக்காமல் அதை வாங்கலாம். 2 கிலோவாட் ஹீட்டர் ஒன்று மணிக்குக் கால் லிட்டர் டீசல்கூடக் குடிக்காது. அதே நண்பரின் வண்டியில் இரண்டு குளிர்காலம் அதோடு பயணித்திருக்கிறேன், என் அனுபவம் அவ்வளவே. அதில் பார்த்தவை: குறைந்த சூட்டிலேயே எப்போதும் ஓட்டினால் உள்ளே கரி படிகிறது, அவ்வப்போது முழு வேகத்தில் ஓடவிட வேண்டும். அணைத்தபின் தானாகக் குளிர்ந்து நிற்கச் சில நிமிடம் ஆகும், அதற்குள் மெயின் ஸ்விட்சை நிறுத்தக் கூடாது. காற்று உறிஞ்சும் குழாயும் புகைக்குழாயும் வண்டிக்கு அடியில் இருப்பதால் ஓடை கடப்பவர்கள் அவற்றின் உயரத்தை முன்கூட்டியே யோசிக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம், இதில் பேச்சே இல்லை. முக்கியமாக, அதன் காற்று முன்கண்ணாடிக்குத் தானாகப் போகாது. தனிக் குழாய் இழுக்காவிட்டால் கால் சுடும், கண்ணாடி மங்கியே இருக்கும். ஓட்டும்போது எனக்குத் தேவைப்படுவது கண்ணாடி தெளிவாக இருப்பது.

கோர் கசிவதை அறிய ஓட்டை கண்ணில் பட வேண்டியதில்லை. கேபினில் இனிப்பு வாடை, முன்கண்ணாடியின் உள்பக்கம் துடைத்தாலும் போகாத பிசுபிசுப்பு, கால்மிதியடியில் ஈரம், இந்த மூன்றில் ஒன்று போதும். அந்த இனிப்பு கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்காலுடையது, நச்சு. வடித்த கூலன்ட்டைத் திறந்த பாத்திரத்தில் விட்டுவைக்காதீர்கள், நாயும் பூனையும் நக்கிவிடும்.

வேலை முடிந்து மாட்டியபின் எஞ்சின் சூடேறியதும் இரண்டு ஹோஸையும் மறுபடி தொட்டேன், இரண்டிலும் விரல் நிற்கவில்லை. பெட்டியை மூடும் முன் மூடியின் உள்பக்கம் கழுவிய தேதியையும், பானட்டின் உள்பக்கம் அடுத்த கூலன்ட் மாற்றத்துக்கான தேதியையும் எழுதினேன். பழைய வகை நீலக் கூலன்ட், அதனால் சரியாக இரண்டு வருடம் தள்ளி.